கடல் அப்படியேதான் இருக்கிறது

பின்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வாசா நகரில் நான் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் கோடையில், நகருக்கு வெளியே தீவொன்றில் வசிக்கும் முதியவர் ஒருவர் தம் தந்தை கட்டிய படகுக் கொட்டகையை எனக்குக் காட்டினார். அது புல்வெளியின் நடுவே நின்றது. அதன் வாசலிலிருந்து நீரை அடைய, நாணல் படர்ந்த ஈரநிலத்தில் எண்பது காலடிகளாவது நடக்க வேண்டியிருந்தது. படகை நேரே நீரில் இறக்குவதற்காகவே கரையோரத்தில் கட்டிய கொட்டகை இது என்று அவர் சொன்னபோது, கடல் வற்றிவிட்டதா என்று கேட்டேன். கடல் அப்படியேதான் இருக்கிறது, நிலம்தான் எழுந்துவிட்டது என்றார்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்பாளம், பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையே பால்டிக் கடலின் வடபகுதியான போத்னியா வளைகுடாவில் சுமார் 3 கிலோமீட்டர் தடிமனாக இருந்தது. அந்தப் பாரத்தால் புவியின் மேலோடு கீழே அமுங்கியது. மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் திடமான பாறைதான் என்றாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் மிகக் கெட்டியான பாகைப் போல நகரக்கூடியது. ஆகவே அது பனியின் அடியிலிருந்து விலகி வெளிப்புறமாக நகர்ந்தது. பிசைந்த மாவைக் கட்டைவிரலால் அழுத்தும்போது நடுவில் குழி விழுந்து சுற்றிலும் விளிம்பு எழுவதை இதற்கு ஒப்பிடலாம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே பனி உருகி விலகியதும் அந்தக் குழி நிரம்பத் தொடங்கியது. இன்னும் நிரம்பி முடியவில்லை. இந்தக் கரை இன்றும் ஆண்டுக்கு 8 முதல் 9 மில்லிமீட்டர் வரை உயர்ந்துகொண்டிருக்கிறது.

கேட்பதற்கு அற்பமான அளவுதான். ஆனால் க்வார்க்கன் எனப்படும் இந்தத் தீவுக்கூட்டம் மிகவும் தட்டையானது. அரை மீட்டர் உயரம் கூடினாலே கரை வெகுதூரம் விலகிவிடும். இங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் புதிய நிலம் கடலிலிருந்து வெளிப்படுகிறது. எதிர்க்கரையில், ஸ்வீடனின் லூலியோ நகரம் 1621இல் நிறுவப்பட்டு, 28 ஆண்டுகளே கழிந்த நிலையில், துறைமுகம் ஆழம் குறைந்துபோனதால் 1649இல் கடலை நோக்கி இடம் மாற்றப்பட்டது. வாசாவின் கதையும் அதுதான். 1606இல் நிறுவப்பட்ட நகரம் 1852இல் தீக்கிரையானபோது, அதே இடத்தில் மீண்டும் கட்டாமல் சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி, அன்றைய கடலோரத்தில் புதிதாக எழுப்பினார்கள். பழைய வாசாவில் மரங்களிடையே நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்க்கும் எவருக்கும், அது ஒரு காலத்தில் துறைமுக நகரம் என்பதை நம்புவது கடினம்.

முதியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை அறிஞர்கள் ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதே இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது. வெப்பமானியால் நாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731இல் ஸ்வீடனின் யேவ்லே நகருக்கு அருகிலுள்ள லோவ்கிருண்ட் தீவில் ஒரு பாறையில் கடல்மட்டத்தைச் செதுக்கச் செய்தார். அவருக்கு வழிகாட்டியவை மீனவர்களின் சீல் (கடல்நாய்) பாறைகள். சீல்கள் ஏறிப் படுக்கும் தாழ்வான பாறைகள் வேட்டைக்கு உகந்தவை என்பதால் அவற்றுக்கு விலையும் வரியும் இருந்தன. பாறை நீரிலிருந்து உயர்ந்து, சீல் ஏற முடியாத நிலை வந்ததும் அது மதிப்பிழந்தது. ஆகவே இந்த நிகழ்வின் முதல் அளவீடுகள் மீனவர்களின் சொத்துக் கணக்கில்தான் இருந்தன என்பேன். ஆனால் நீர் குறைகிறது என்றே செல்சியஸ் கருதினார். அந்தக் கருத்து விவிலியத்துக்கு முரணானது என்று பின்லாந்தின் துர்க்கு நகர ஆயர் புரோவாலியுஸ் 1755இல் எதிர்த்து எழுதினார்.

செல்சியஸின் விளக்கத்துக்கு ஒரு தடை இருந்தது. பால்டிக் கடலின் வடகரையில் மாற்றம் பெரிதாகவும் தென்கரையில் அற்பமாகவும் இருந்தது. ஒரே கடலில் நீர் ஓரிடத்தில் மட்டும் குறைவது எப்படி? நில உயர்வைத் தொடக்கத்தில் ஐயுற்ற நிலவியலாளர் சார்லஸ் லயல், 1834இல் நேரில் வந்து இந்தப் பாறைக் குறிகளைப் பார்த்த பிறகே அதை ஒப்புக்கொண்டார். காரணம் பனியின் பாரம் என்று ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் 1865இல் முன்வைத்தார். பின்னர் ஹாஸ்கல் என்பவர் 1935இல், இந்தக் கரை எழும் வேகத்தைக் கொண்டே கவசத்தின் பாகுத்தன்மையைக் கணக்கிட்டார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறையின் இயல்பைக் கடற்கரையில் நின்று அறிய முடிந்தது பெருஞ்சாதனை.

எதிர்க்கரையின் ஸ்கூலே குன்றில் இதன் மொத்த அளவைக் கண்ணால் காணலாம். 286 மீட்டர் உயரத்தில் பண்டைய கடலின் கரைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே அலை தொடாத மண்ணில் அடர்ந்த மரங்கள். அதற்குக் கீழே அலை அலசிய சரிவுகளில் வெறும் பாறையும் உருண்டைக் கற்களும். உலகில் இதைவிட உயரத்தில் இத்தகைய கரை அறியப்படவில்லை. இரு கரைகளும் சேர்ந்து 2006 முதல் ஒரே உலக மரபுச் சின்னமாக உள்ளன.

எழும் நிலம் யாருக்கு உரியது என்ற கேள்விக்குப் பின்லாந்துச் சட்டம் தெளிவான விடை தருகிறது: நீருக்கு உரியவருக்கே அதிலிருந்து எழும் நிலமும் உரியது. நீர்ப்பரப்பு பெரும்பாலும் கிராமத்தாரின் கூட்டுச் சொத்து என்பதால், தம் வீட்டெதிரே எழுந்த நிலத்தையே கரைக்காரர் விலை கொடுத்துப் பெற நேர்கிறது. குடாவின் வாய் உயர்ந்து அது கடலிலிருந்து மெல்லப் பிரியும் நிலையை இங்குள்ளோர் ஃபிலாதா என்றும், கடல்மட்டம் மிக உயரும்போது மட்டும் கடல்நீர் வந்து சேரும் அடுத்த நிலையை க்ளோ என்றும் அழைக்கிறார்கள். வசந்தத்தில் விரைவில் வெதுவெதுப்பாகும் இந்த ஆழமற்ற நீரில்தான் பெர்ச், பைக் மீன்கள் முட்டையிடுகின்றன.

முதல் கோடையில் நானும் முதியவரின் தோணித்துறைப் பாறையில் நீர்மட்டத்துக்கு வண்ணக் கோடு ஒன்று தீட்டினேன். ஏழு ஆண்டுகளில் அது சில சென்டிமீட்டராவது நீருக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் பால்டிக்கில் காற்றும் வளிமண்டல அழுத்தமும் நீரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றி இறக்கும். போன வாரம் நான் சென்றபோது தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது, கோடு முழங்கால் ஆழத்தில் கிடந்தது. முதியவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கோடைக்குள் தோணித்துறையை இன்னும் இரண்டு பலகை நீளத்துக்குக் கடலுக்குள் நீட்ட வேண்டும் என்றார்.