சிப்பிப்பாறை வளர்ப்புக்குப் பதிவுச் சான்று பெற்ற அனுபவம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 23 வகை நாய்களை வளர்க்கவும் இனப்பெருக்கம் செய்யவும் விற்கவும் உரிமம் வழங்கக் கூடாது என்று மத்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிய செய்தி வெளியான அன்று, என் கைப்பேசி இரவு வரை ஓயவில்லை. குட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்த இருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ போன்ற வெளிநாட்டு நாய்கள்தாம் இருந்தன. தமிழ்நாட்டின் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ கோம்பையோ அதில் இல்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும், "இன்னைக்கு அந்த நாய், நாளைக்கு உங்க நாய்" என்பதுதான் பதிலாக வந்தது. அந்த அச்சம்தான், விற்பனைக்கு நாய் வளர்ப்பவன் என்று மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளும், பல ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்டு வந்த வேலையைத் தொடங்க வைத்தது. பதிவு பெற எட்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இந்தச் சட்டங்களைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் அந்த மாதங்களில் வெகுவாக மாறியது என்பதால், நடந்ததை எழுதி வைப்பது பயனளிக்கும் என்று நினைக்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாய்கள் இருக்கின்றன. தாத்தா காலத்தில் குட்டியை விலைக்கு விற்றதில்லை. வேண்டியவர்கள் கேட்டால் கொடுப்பார். அதே தாத்தா, தாய் மெலிந்துவிடும் என்று சொல்லி ஓர் ஈற்றில் இரண்டு மூன்று கடுவன் குட்டிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, பொட்டைக் குட்டிகளைப் பிறந்த அன்றே தீர்த்துவிடுவார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வழக்கம் அப்பாவின் காலத்தில் நின்றது. விற்பனை என் காலத்தில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வானொலி உரையில் பிரதமர் சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்ன பிறகு, அதுவரை இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அழைத்தார்கள். அதே ஆண்டில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வள நிறுவனம் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் முறையான இனங்களாகப் பதிவு செய்தது. தேவை கூடியது, எங்கள் வீட்டில் ஈற்றும் கூடியது. அப்போது அதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகள் 2017ஆம் ஆண்டு மே மாதமே வெளியாகிவிட்டன. விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்பவர் எவராயினும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவை கூறுகின்றன. அவற்றை முழுமையாக நான் படித்ததே சுற்றறிக்கைக்குப் பிறகுதான். ஒரு பொட்டை நாயைப் பதினெட்டு மாத வயதுக்கு முன் இணை சேர்க்கக் கூடாது; எட்டு வயதுக்கு மேலும் கூடாது; பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது; வாழ்நாள் முழுவதிலும் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இவற்றைப் படித்தபோது, நாம் ஏறக்குறைய இப்படித்தானே செய்கிறோம் என்றே எண்ணினேன்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "நாய் வளக்குறதுக்கு எதுக்குடா சர்க்கார்கிட்ட கையெழுத்து? உங்க தாத்தா எந்தச் சீட்டைக் கையில வச்சிருந்தாரு?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த இனத்தை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் எங்களைப் போன்ற கிராமத்துக் குடும்பங்கள்தாம். ஆங்கிலத்தில் படிவமும், ஐயாயிரம் ரூபாய் கட்டணமும், மாவட்டத் தலைநகருக்கு அலைச்சலும் என்றால், நான்கு நாய் வைத்திருக்கும் ஒரு விவசாயி விலகிக்கொள்வார். பெரிய முதலீட்டில் கூண்டு கூண்டாக நாய் அடைத்து வைத்திருப்பவரோ தாள்களைச் சரியாக வைத்துக்கொள்வார். இந்தக் கவலை எனக்கு இப்போதும் உண்டு.

விண்ணப்பத்தோடு ஒவ்வொரு நாயின் வயது, பெற்றோர், தடுப்பூசி, ஈற்று விவரம் ஆகியவற்றைத் தர வேண்டியிருந்தது. எங்களிடம் ஏடு என்று ஒன்று கிடையாது, எல்லாம் நினைவில்தான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு, பழைய கைப்பேசிப் படங்களின் தேதிகளையும், மருந்துக்கடைச் சீட்டுகளையும், குட்டி வாங்கியவர்கள் பணம் அனுப்பிய கணக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். மைனாவின் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

மைனா எங்கள் வீட்டுச் செவலைப் பொட்டை. 2018ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிப் பிறந்தவள். அவளுடைய குட்டிகளுக்கு எப்போதும் கேட்பவர்கள் அதிகம். முதல் ஈற்று 2019 மார்ச். அப்படியானால் ஒரு வயதிலேயே இணை சேர்த்திருக்கிறோம். அடுத்தது அதே ஆண்டு டிசம்பர். அதற்கடுத்தது 2020 செப்டம்பர். பிறகு 2021, 2022, 2023 என ஆண்டுக்கு ஒன்று. மொத்தம் ஆறு. நான்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து இருக்கும் என்றார் அப்பா. இரண்டு ஈற்றுக்கு நடுவே அவளுடைய வயிறு முழுதாக வற்றாத மாதங்கள் அம்மாவுக்கு மட்டும் நினைவிருந்தன. "அவ எந்திரிச்சு வாசலுக்கு வரவே யோசிச்சா, நான் அப்பவே சொன்னேன்" என்றார் அம்மா. அவர் சொன்னது உண்மைதான். 2020 மழைக்காலத்தில் அவள் எலும்பும் தோலுமாக இருந்ததற்கு இனத்தின் உடல்வாகையே காரணம் சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். சிப்பிப்பாறை ஒல்லியான நாய்தான். ஆனால் மூன்று ஈற்றைப் பதினெட்டு மாதத்துக்குள் ஈன்ற நாயின் ஒல்லி வேறு.

அவளிடம் எனக்கு இருந்த பாசத்தில் குறைவில்லை. இருந்தும் இது நடந்தது. பாசம் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை. அன்று இரவு அப்பா அந்த நோட்டை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மைனாவின் ஆறு ஈற்றையும் அப்படியே எழுதி அனுப்பினேன். ஓர் ஈற்றைக் குறைத்துக் காட்டச் சொல்லி அறிவுரை கூறிய நண்பர்கள் உண்டு. விண்ணப்பம் ஒருமுறை, இணைப்புகள் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை எங்கே நிற்கிறது என்பதை அறியவே பல வாரங்கள் அலைந்தேன். அந்த அலைச்சலைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எந்த அரசு வேலைக்கும் உள்ளதுதான் அது.

ஆய்வுக்கு ஒரு கால்நடை மருத்துவரும் விலங்கு நல ஆர்வலர் ஒருவரும் வந்தார்கள். இரண்டு மணி நேரம் இருந்தார்கள். நான் எதிர்பார்த்தது தாள் சரிபார்ப்பு. அவர்கள் பார்த்தது தரையை, தண்ணீர்த் தொட்டியை, நாய்களின் கழுத்தை. கழுத்தில் சங்கிலித் தடம் இருந்த ஒரு கடுவனைக் காட்டி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கட்டிப்போடுகிறீர்கள் என்று கேட்டார் மருத்துவர். ஓடுவதற்கென்றே உருவான நாய் இது. பகல் முழுவதும் கட்டிப்போட்டால் உடலும் கெடும், குணமும் கெடும் என்று அவர் சொன்னபோது, தெரிந்த விஷயம்தான் என்றாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நோய்ப்பட்ட நாயைத் தனியே வைக்க இடம் இல்லை. ஈன்ற தாய்க்கு மறைவான அறை இல்லை. வெயில் நேரத்தில் ஓட்டுக்கூரை அனலாக இறங்குகிறது. இந்த மூன்றையும் சரிசெய்யச் சொன்னார்கள். முயல் வேட்டைக்கு நாய்களைப் பயன்படுத்துகிறீர்களா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன், அது உண்மை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். ஆனால் குட்டி கேட்டு அழைப்பவர்களில் சிலர், தாய் தகப்பன் முயலை விரட்டும் காணொளி இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்பதும் உண்மை. அவர்களுக்குக் குட்டி கொடுப்பதில்லை.

அறைகள் கட்டி, கூரைக்கு மேல் கீற்றுப் பரப்பி, தோட்டத்தின் ஒரு பகுதிக்கு வேலியிட்டு நாய்கள் அவிழ்ந்து ஓட இடம் ஒதுக்கியதில், கட்டணத்தைப் போலப் பல மடங்கு செலவானது. எல்லா நாய்களுக்கும் மைக்ரோசிப் பொருத்தினோம். தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். அதில் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. கருவியை வைத்துப் பார்த்தால் எண் தெரியும், அவ்வளவே. அந்த எண்ணோடு வளர்ப்பவரின் பெயரை யாரேனும் எழுதி வைத்திருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. மைனாவுக்கு அந்த வாரமே கருத்தடை அறுவையும் செய்தோம். 2024 டிசம்பரில் சான்று கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

இதற்கிடையில் வெளியே விவாதம் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம், உரிய தரப்பினரைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது என்று கூறி அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே 5ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும், இனத்தின் பெயரைச் சொல்லித் தடை செய்யுங்கள் என்று கேட்பவர்கள் மீது கோபம் வராது. எனக்கும் வரவில்லை. நாய் வளர்ப்பவர்கள் அந்தக் கோரிக்கையை எள்ளி நகையாடுவதைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் இனப் பெயர்ப் பட்டியல் காப்பாற்றும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த 23இல் டோசா என்னும் ஜப்பானிய நாய் இரண்டு இடங்களில் வருகிறது. ஓர் இடத்தில் வெறுமனே டெரியர்கள் என்றும், இன்னோர் இடத்தில் மாஸ்டிஃபுகள் என்றும் இருக்கிறது. டெரியர் என்றால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் சிறு நாயும் அடங்கும். கலப்பின நாய்களும் சேர்த்தி என்றால், தாய் தகப்பன் தெரியாத ஒரு நாயின் முகத்தைப் பார்த்து எந்த அதிகாரி எதை முடிவு செய்வார்? பிரிட்டன் 1991இல் நான்கு வகை நாய்களுக்குத் தடை விதித்தது. 2023இல் எக்ஸ்எல் புல்லி என்னும் ஐந்தாவது வகையைச் சேர்க்க வேண்டி வந்தது. ஒரு பெயரைத் தடுத்தால், அதே உடல்வலு கொண்ட இன்னொரு நாயை வேறு பெயரில் யாரோ உருவாக்கிவிடுகிறார்கள். நெதர்லாந்து, பிட்புல் மீது 1993இல் கொண்டுவந்த தடையை 2008இல் நீக்கிக்கொண்டது.

2017ஆம் ஆண்டு விதிகளோ நாயின் பெயரைக் கேட்பதில்லை. வளர்ப்பவன் என்ன செய்கிறான் என்று கேட்கின்றன. பதினான்கு மாதத்தில் ஈன்ற தாயிடமிருந்து, ஐந்து வாரத்தில் பிரித்தெடுத்து, அட்டைப்பெட்டியில் பேருந்தில் ஏற்றி அனுப்பப்படும் குட்டி, எந்த இனமாக இருந்தாலும் அச்சத்தோடுதான் வளர்கிறது. அச்சப்படும் நாய் கடிக்கும். எங்கள் நாய்கள் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் தவறு செய்துகொண்டிருந்தவன் நான். பட்டியல் என்னை ஒருபோதும் கண்டுபிடித்திருக்காது. ஈற்றை எண்ணச் சொன்ன விதிதான் கண்டுபிடித்தது.

குறை என்னவென்றால், அந்த விதி என்னைத் தேடி வரவில்லை என்பதுதான். ஏழு ஆண்டுகள் அது தாளில் இருந்தது. நானாகப் போய்த்தான் அதன் முன் நின்றேன். எனக்குத் தெரிந்து நாய் விற்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் பதிவு செய்யவில்லை. கைப்பேசியில் படம் போட்டு விற்கிறார்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவர்களும் கேட்பதில்லை. புதிய தடை எழுதுவதற்குச் செலவிடும் வேகத்தில் பாதியை, மாவட்டத்துக்கு இரண்டு ஆய்வாளர்களை அமர்த்துவதிலும், படிவத்தைத் தமிழில் தருவதிலும், சிறு வளர்ப்பாளர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பதிலும் காட்டினால் எங்கள் பக்கம் பலர் பதிவுக்கு வருவார்கள். ஒரு மருத்துவர் வாசலில் வந்து நின்று தரையைப் பார்ப்பதற்கு இருக்கும் வலிமை எந்த அறிவிப்புக்கும் இல்லை.

விதிப்படி ஆண்டுக்கொரு முறை வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். விற்ற குட்டிகளின் நிலையையும் கேட்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். இப்போது எங்களிடம் இருக்கும் மூன்று பொட்டைகளில் ஒன்றுதான் சான்றுக்குப் பிறகு ஈன்றது, ஏழு குட்டிகள். மூன்று பேரை மறுத்துவிட்டு, தோட்டமோ திறந்த வெளியோ உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். எண்களைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஆறு குட்டிகள் நன்றாக இருக்கின்றன. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டின் படத்தையும் கேட்டு வாங்கிவிட்டார். ஏழாவது, சாம்பல் நிறக் கடுவன். அதை வாங்கிச் சென்றவர் அழைப்பை எடுக்கவில்லை. நோட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமை நாங்கள் இருவரும் நேரிலேயே போய்ப் பார்த்து வரலாம் என்றிருக்கிறோம்.