இரண்டரை மீட்டர் பாத்தியும் ஓர் இருபடிச் சமன்பாடும்

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு பூங்காவில் எங்களுக்குக் குலுக்கலில் பாத்தி விழுந்தது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடுவதுதான்; 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். மனைவிக்கு நடுவில் வெண்டை வேண்டும். எனக்குச் சுற்றிலும் வெந்தயக்கீரை. சண்டை வேண்டாம், ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. கண்மதிப்பில் பிரித்திருக்கலாம். ஆனால் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளின் கணக்குப் புத்தகத்தை ஒரு மாதமாக மேய்ந்துகொண்டிருக்கிறேன், விடுவேனா?

ஓரத்தின் அகலம் x. (2.5 − x)(1 − x) = 1.25 என்று எழுதினேன். x சுமார் 40 செ.மீ. வந்தது. கூடத்துத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்த்தால், வெண்டைக்கு மிஞ்சியது 20 செ.மீ. அகலத்தில் ஒரு கீற்று! "அப்பா, ரெண்டு பக்கமும் கழிக்கணும்பா" என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

மறுநாள் திருத்தினேன்: (2.5 − 2x)(1 − 2x) = 1.25. பெருக்கி, பின்னத்தை நீக்கினால் 16x² − 28x + 5 = 0. காரணிப்படுத்த முயன்று அரை மணி நேரம் வீண். b² − 4ac, அதாவது 28² − 4 × 16 × 5 = 464, முழு வர்க்கம் இல்லை என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். சூத்திரத்தில் போட்டதும் x = 0.202 அல்லது 1.548.

1.548 வேண்டாம், பாத்தியே 1 மீட்டர்தான். அடித்துவிட்டுப் போகலாம், புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? போட்டுப் பார்த்தேன். பக்கங்கள் −0.596, −2.096. எதிர்மறை இரண்டும் பெருகி 1.25 ஆகிவிடுகின்றன. சரியான விடையில் கிடைக்கும் பக்கங்கள் 2.096, 0.596. அதே செவ்வகம்தான், நீளமும் அகலமும் இடம் மாறி, குறியும் மாறி நிற்கிறது! இரண்டு விடைகளின் கூட்டுத்தொகை 28/16, அதாவது 1.75. நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கினாலும் அதேதான். ஆக ஒரு விடை x என்றால் மற்றது 1.75 − x; அதை நீளத்தில் போட்டால் 2.5 − 2(1.75 − x) = −(1 − 2x), அதாவது குறி மாறிய அகலம். அதனால்தான் இப்படி. அன்று இரவு தூக்கம் தாமதம்.

9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி x² + 10x = 39 என்பதைப் படம் போட்டே தீர்த்தார். x பக்கச் சதுரத்தின் நாலு பக்கமும் 2.5 அகலத்தில் பட்டை ஒட்டி, மூலைகளில் 6.25 வீதம் நாலு துண்டு சேர்த்தால் 64. பக்கம் 8, x = 3. இன்னொரு விடையான −13 அவர் கணக்கிலேயே இல்லை. நீளம் எதிர்மறையாக இருக்குமா என்ன. மகளின் பழைய வரைபடத்தாளில் இதை வெட்டி ஒட்டினேன், அழகாகப் பொருந்தியது.

சனிக்கிழமை காலை பாத்தியில் 20 செ.மீ. விட்டுக் கயிறு கட்டினேன். நடுவில் 2.1 × 0.6 = 1.26. எனக்கு 1.24. மனைவிக்கு 200 சதுர செ.மீ. கூடுதல். நான் வாயைத் திறக்கவில்லை.