கடைசியில் உடைத்த சுவர்: குடியிருந்துகொண்டே வீட்டை விரிவுபடுத்திய அனுபவம்

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருப்பது என் மாமனாரின் தகப்பனார் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடு. தெருவிலிருந்து தார்சா என்னும் முன்கூடம், அடுத்துப் பட்டாசல் என்னும் நடுக்கூடம், அதன் பக்கத்தில் அரங்கு என்னும் உள்ளறை, பின்னால் ஒரு பாதியில் அடுக்களை என்று நீளவாக்கில் அமைந்தது. குளியலறையும் கழிப்பறையும் புறவாசலின் கடைக்கோடியில் தனியாக நின்றன. எண்பது வயதைக் கடந்த என் அத்தைக்கு மூட்டுவலியோடு மூச்சிளைப்பும் சேர்ந்துகொண்ட பிறகு, இரவு நேரத்தில் அவ்வளவு தூரம் நடப்பது அவர்களுக்கு இயலாத காரியமாயிற்று. ஆகவே பட்டாசலை ஒட்டிப் புறவாசலில் ஓர் அறையும், அந்த அறைக்குள்ளேயே குளியலறை, கழிப்பறையும் கட்டுவதென்று முடிவு செய்தோம்.

வேலை முடியும்வரை வேறு வீட்டுக்குப் போய்விடும்படி உறவினர்கள் பலர் சொன்னார்கள். சில மாதங்களுக்கென்று வீடு தர முன்வருபவர்கள் குறைவு. கிடைத்தாலும் முன்பணமும் வாடகையும் சேர்ந்து ஓர் அறையின் பூச்சு வேலைக்கு ஆகும் செலவை விழுங்கிவிடும். அத்தையோ, "நான் இந்த வாசல்படிய விட்டு எங்கயும் வரமாட்டேன், நீங்க வேணும்னா போங்க" என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு வேலை வெளியூரில். எனவே கட்டுமானம் நடக்கும் இடத்தில் முழுநேரமும் அத்தையும், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் நானும், பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளும் வாழ்ந்தோம். அப்படி வாழ்ந்ததில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: எந்த வேலை எதற்குப் பின் நடக்கவேண்டும் என்ற வரிசையை, கட்டுபவரின் வசதியை வைத்து மட்டுமல்லாமல், உள்ளே குடியிருப்பவரின் வசதியையும் வைத்து முன்கூட்டியே பேசித் தீர்த்துவிட வேண்டும்.

அந்த வரிசையில் முதன்மையானது பட்டாசலின் பின்சுவர். புதிய அறைக்கு அதன் வழியாகத்தான் வாசல் வைக்கவேண்டும். மேஸ்திரி முதல் நாளே, "டீச்சர், முதல்ல இந்தச் சுவத்த ஒடச்சிட்டா எங்களுக்குச் சாமான் கொண்டுபோக வர லேசா இருக்கும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தெருவிலிருந்து புறவாசலுக்கு வேறு வழி வீட்டை ஒட்டிய முடுக்கு மட்டுமே. அதில் ஒருவர் தலைச்சுமையோடு போனால் எதிரே வருபவர் நின்றுதான் வழிவிட வேண்டும். சுவரைத் திறந்துவிட்டால் தார்சா, பட்டாசல் வழியாக நேரே போய்விடலாம். ஆனால் இளைப்புள்ள ஒருவர் படுத்திருக்கும் பட்டாசலின் வழியே மணலும் சிமெண்டும் போகத் தொடங்கினால் அதன்பின் அந்த வீட்டில் குடியிருப்பதென்பது பேச்சளவில்தான் இருக்கும். சுவரைக் கடைசியில்தான் உடைப்போம் என்று சொல்லி, முடுக்கு வழியாகச் சுமப்பதற்கான கூடுதல் கூலியைத் தனியாகப் பேசி எழுதிக்கொண்டோம். அந்தக் கூலியை நான் வீண்செலவாக ஒருபோதும் நினைக்கவில்லை.

வாசலை எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் பொறியாளர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். பின்சுவரில் புறவாசலைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் மேலே பாரத்தைத் தாங்கும் தேக்கு உத்தரம் பழுதில்லாமல் இருந்ததால், ஜன்னலின் அகலத்தை மாற்றாமல் அதன் கீழ்ச்சுவரை மட்டும் எடுத்துவிட்டால் அதுவே வாசலாகிவிடும். புதிதாக லிண்டல் போடவோ, மேல்சுவருக்கு முட்டுக் கொடுக்கவோ வேண்டியதில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் புது இடத்தில் வாய் திறப்பது எவ்வளவு தூசி, எவ்வளவு அதிர்வு என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனையின் அருமை தெரியும். அதுவரை ஜன்னல் கதவுகளைச் சாத்தி, வெளிப்புறம் தார்ப்பாய் அடித்துவிட்டோம். பட்டாசலில் பகலிலும் விளக்கு எரிந்தது, காற்றும் குறைந்தது. ஆனாலும் தூசி உள்ளே வரவில்லை.

பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் இடத்தைப் பற்றி மேஸ்திரிக்கும் பொறியாளருக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. பழைய சுவரைக் கொத்திப் பல் விட்டுப் புதுச் சுவரை அதோடு கோத்துவிடலாம் என்பது மேஸ்திரியின் பழக்கம். பழைய அஸ்திவாரம் இறங்கவேண்டிய அளவுக்கு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புது அஸ்திவாரம் இனிமேல்தான் சிறிது இறங்கும், இரண்டையும் பிணைத்தால் விரிசல் நிச்சயம் என்பது பொறியாளரின் வாதம். அவர் சொன்னபடியே புதிய அறையை அதற்குரிய தூண்களின்மேல் தனியாக நிறுத்தி, இரண்டு சுவர்களுக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டுத் தெர்மாகோல் பலகை வைத்தோம். மேலே மழைநீர் இறங்காதபடி தகடு மடித்து மூடப்பட்டது. குடியிருக்கும் எங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருந்தது: இந்த இணைப்புக்காகப் பழைய சுவரில் உளி படவே இல்லை.

வரைபட அனுமதி மாநகராட்சியில் பொறியாளர் மூலமாகவே நடந்து முடிந்தது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒன்றாக எடுத்து வைத்திருந்தால் அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

மார்கழியில் தொடங்கக்கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருந்தார்கள். வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாள்களில் ஒன்றான தை 12-இல் பூசை போட்டோம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் பருவத்தைப் பார்த்தால் தை மாதத் தொடக்கம் பொருத்தமானதே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தோண்டிய குழியில் ஊற்று நிற்காத காலம் அது. ஆனி, ஆடிக் காற்று கிளம்புவதற்குள் கான்கிரீட் தளத்தைப் போட்டு முடித்துவிடலாம். கணக்கில் கொள்ளவேண்டிய வேறொன்றும் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அனைவரும் தத்தம் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதன்பின் சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் கோயில் கொடை என்னும் திருவிழா. கொத்தனாரும் சித்தாளும் வரமாட்டார்கள் என்று வருத்தப்படுவதில் பயனில்லை, நாமும்தான் போகிறோம். குழிகளைத் திறந்த நிலையில் விட்டுவிட்டு உத்திரத்துக்குப் போகக்கூடாது என்பதை மட்டும் முன்பே சொல்லிவைத்தேன். மண் நிரவி, பேஸ்மென்ட் மட்டம் வரை கொண்டுவந்துவிட்டுத்தான் போனார்கள்.

குழிகள் திறந்திருந்த நாள்கள்தான் எல்லாவற்றிலும் கடினமானவை. அடுக்களைக் கதவிலிருந்து பழைய கழிப்பறைக்குப் போகும் பாதையைத் தூண் குழி ஒன்று மறித்துவிட்டது. சென்ட்ரிங் பலகைகளைக் குறுக்கே போட்டு, இருபுறமும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். நானும் மகளும் அதில் போய்வந்தோம். அத்தையால் முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி அரங்கில் வைத்தோம். முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். முதியவர்கள் உள்ள வீட்டில் அஸ்திவாரம் தோண்டும் முன்பே இதை வாங்கிவிட வேண்டும். புதிய கழிப்பறையில் தண்ணீர் விழும்வரை பழையதை இடிக்கக்கூடாது என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்தோம். அந்த இடம் காலியானால் மணல் கொட்ட வசதியாயிருக்கும் என்று இடையில் ஒருமுறை பேச்சு வந்தபோது அந்தத் தாள் உதவியது.

தரைமட்டத்தைப் பற்றிய முடிவுக்கு அதிக நாள் யோசித்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும், தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம்வரை மூழ்கியதையும் பார்த்தவர்கள் யாரும் புதிதாகக் கட்டும்போது தரையை உயர்த்தவே நினைப்பார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. மேஸ்திரியும் பழைய தரையைவிட ஓர் அடி உயர்த்தச் சொன்னார். ஆனால் ஓர் அடி ஏறினால் அத்தைக்குப் படி வேண்டும். படிக்குப் பதிலாகச் சாய்தளம் வைப்பதானால், சக்கர நாற்காலிக்கு ஏற்ற 1-க்கு 12 என்ற சரிவுக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பட்டாசலில் பாதி போய்விடும். எங்கள் தெரு மேட்டில் இருப்பதும் அந்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாததும் தெரிந்திருந்ததால், பழைய தரையின் மட்டத்துக்கே புதியதையும் வைத்தோம். அதற்கு ஈடாகப் புறவாசலை வழித்து, முடுக்கு வழியாகத் தெருவுக்கு நீர் வடிய வாட்டம் கொடுத்தோம். ஆற்றை அடுத்த தெருக்களில் இருப்பவர்கள் இதைப் பின்பற்றக்கூடாது.

பொருள்களை நாங்களே வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் கூலி பேசியிருந்தோம். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இந்த முறைதான் ஏற்றது. லாரி வரும்போது நாடா வைத்து அளந்து பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. தாமிரபரணி மணல் இப்போது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாதது. ஆற்றில் மணல் அள்ளுவதற்கு 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஆற்று மணலுக்குப் பதிலாகப் பாறையை உடைத்து அரைத்த மணலில், கட்டுவேலைக்கு எம் சாண்ட், பூச்சுக்கு அதைவிட நைசான பி சாண்ட் என்று வாங்கினோம். ஒரு லோடில் கையில் எடுத்தால் மாவாக ஒட்டும் கிரஷர் தூசி மிகுதியாக இருந்ததால் திருப்பி அனுப்பினேன். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தெருவில் நின்று வாதாடவேண்டியிருந்தது. ஆனால் வீட்டில் ஆள் இல்லாதிருந்தால் அந்த லோடு புறவாசலில் இறங்கியிருக்கும். சிமெண்டைத் தார்சாவில் பலகை பரப்பிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி அடுக்கினோம். தாழையூத்தில் 1949 முதலே சிமெண்ட் ஆலை உள்ள வட்டாரம் இது. மூட்டைக்குத் தட்டுப்பாடில்லை என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினோம். வந்தவர்கள் உட்காரத் தார்சாவில் ஒரு பெஞ்சு போடும் அளவு இடம் மிஞ்சியது.

தண்ணீர் இன்னொரு பெரிய பாடு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தர விதி. சோதித்துப் பார்த்ததில் எங்களுடையது அந்த அளவைத் தாண்டியிருந்தது. மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் சமையலுக்கே அளவானது. ஆகவே கட்டுவேலைக்கு டிராக்டர் டேங்கில் தண்ணீர் வாங்கினோம். அடுக்களைக் குடங்களையும் வேலைத் தளத்து டிரம்களையும் கலக்கவிடவில்லை. டிரம்களில் மூடாமல் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால், வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுவது என் மகளின் பொறுப்பு.

மகளுக்குப் பொதுத்தேர்வு பங்குனியில். தேர்வு நாள்களில் காலையில் சத்தமுள்ள வேலை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது மேஸ்திரி கம்பி வளைக்கும் வேலையைத் தெருக்கோடிக்கு மாற்றினார். மாலையில் அவள் தோழி வீட்டில் படித்தாள்.

தளம் போட்ட நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். விடியும் முன்பே கலவை இயந்திரம் தெருவில் வந்து நின்றது. முடுக்கு நெடுகிலும் ஆட்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே போய்ச் சொல்லியிருந்தோம். தற்காலிக மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு வைத்திருந்ததால், வைப்ரேட்டரின் வயர் ஈரத்தில் கசிந்தபோது மின்சாரம் தானாகவே நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அத்தை கட்டிலில் இருந்தபடியே, "ஏய்யா, நல்லா இடிச்சுப் போடுங்க, நான் தலைக்கு மேல வச்சிப் படுக்கணும்" என்று குரல் கொடுக்க, மேலே இருந்து, "ஆச்சி, ஒங்களுக்குக் கோட்டையே கட்டியாச்சு" என்று பதில் வந்தது. மறுநாளிலிருந்து தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம். காலையிலும் மாலையிலும் நீர் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பதற்கு, வீட்டிலேயே குடியிருப்பவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனிக் காற்று தொடங்கிய பின் நடந்த பூச்சு வேலைக்கும் இது பொருந்தும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று ஈரத்தை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும், விட்டால் பூச்சு முழுவதும் மயிரிழை வெடிப்பாகும். நண்பகலிலும் ஒருமுறை தெளிக்க ஒரு சித்தாளை அமர்த்தினோம்.

தரை ஓடு, கதவு, குழாய், பெயிண்ட் எல்லாம் முடிந்த பின்பே ஜன்னலின் கீழ்ச்சுவரை எடுத்தார்கள். அத்தையை அன்று நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். பட்டாசலில் தரை முதல் உத்தரம்வரை பாலித்தீன் திரை கட்டி, சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொத்தினார்கள். மதியத்துக்குள் வாசல் திறந்துவிட்டது. நிலை வைத்து, ஓரங்களைப் பூசி, ஈரம் காய்ந்த பிறகு அத்தை வந்து புதிய அறையில் படுத்தார்கள். பழைய கழிப்பறையை அதற்கடுத்த வாரம் இடித்தோம்.

மேஸ்திரிக்குத் தரவேண்டியதில் ஒரு பகுதியை ஐப்பசி மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசியிருந்தோம். மழையில் இரண்டு சுவர்களும் சந்திக்கும் இடத்தில் தகட்டின் ஓரம் ஒன்றில் ஈரம் கசிந்தது. தகவல் சொன்னதும் வந்தார். தகட்டைக் கழற்றிச் சீலன்ட் வைத்து மறுபடியும் அடித்தார். கார்த்திகை மழையில் கசிவில்லை. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மேலே ஓர் அறை போடுவதானால் தூண் கம்பிகளைத் துருப்பிடிக்காமல் இப்போதே சிமெண்ட் பால் பூசி மூடிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்திருக்கிறோம்.