ஸ்பிதிக்கு எந்த ஜிபிஎஸ்?

மணாலில இருந்து இமாச்சல்ல இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு பைக்ல போனப்ப போனைத்தான் ஹேண்டில்பார்ல மாட்டியிருந்தேன், வழியில சத்ருங்கிற ஊர் தாண்டி பாத்தல்ங்கிற இடம் வரைக்கும் வெறும் உருளைக்கல்லும் ஓடைத் தண்ணியும்தான், மழைத்துளி விழ விழ மேப் தானா ஜூம் ஆகுது, க்ளவுஸ கழட்டினா விரல் விறைச்சுப் போகுது. பைக் அதிர்வு ஐபோன் கேமராவுக்கே ஆகாதுன்னு 2021லயே ஆப்பிள் சொல்லிருக்கு.

அதனால தனி ஜிபிஎஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். கார்மின் ஜுமோ எக்ஸ்டி அருமை, 5.5 இன்ச் ஸ்கிரீன், க்ளவுஸோடயே தொடலாம், ஆனா விலை ரொம்ப. அதே கார்மினோட ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் ஸ்கிரீன் 2.2 இன்ச்தான், ஆனா எல்லாமே பட்டன், ரெண்டு ஏஏ பேட்டரி போட்டா ஓடும், அந்த பேட்டரி ஸ்பிதில இருக்கிற காஸா ஊர் கடையிலகூட கிடைக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச மேப்பையும் ஜிபிஎக்ஸ் டிராக்கையும் (போற வழியைப் பதிஞ்சு வச்ச ஃபைல்) வீட்லயே ஏத்திட்டா சிக்னலே வேணாம். எனக்கு இதுதான்.