ஆத்துக்கு அந்தப் பக்கம் மூணு வருஷம், இந்தப் பக்கம் நாலு வருஷம்

எங்க ஊர்லேர்ந்து பெட்ரோல் போடணும்னா இன்னிக்கும் எல்லை தாண்டி காரைக்கால் பக்கம்தான் போவாங்க, லிட்டருக்கு சில ரூபா கம்மி. பொண்ணு குடுக்கறது எடுக்கறதும் அப்படித்தான், காலங்காலமா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலந்துதான் கெடக்கு. எங்க அக்காவ அங்கதான் கட்டிக் குடுத்தோம். பஸ்ஸுல ஏறுனா அரைமணி நேரம். வடக்க நண்டலாறு, தெக்க வெட்டாறு, நடுவுல காரைக்கால். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊருங்கறதால இன்னிவரைக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசம், கெழக்க கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. கல்யாணம் பேசும்போது ஜாதகம் பாத்தோம், நெலம் எவ்வளவுன்னு கேட்டோம், மாப்பிள்ளை குடிப்பாரான்னு விசாரிச்சோம், இது வேற மாநிலம்னு ஒருத்தருக்கும் தோணல. தோணவேண்டிய அவசியமும் அப்ப இல்ல. அக்கா பொண்ணுக்கு மெடிக்கல் சீட்டு தேடுனப்பதான் தோணுச்சு.

2018ல அத்தான் தவறிட்டாரு. அக்கா பொண்ணு அப்பதான் எட்டாவது முடிச்சிருந்தா. அங்க தனியா என்ன பண்ணுவீங்க, வந்துடுங்கன்னு நான்தான் போயி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன், அம்மாவும் பேத்தி பக்கத்துல இருக்கணும்னு ஒரே அழுகை. ரேஷன் கார்டு, ஆதார் அட்ரஸ் எல்லாத்தையும் ஒரே மாசத்துல நானே அலைஞ்சு இந்தப் பக்கம் மாத்தினேன். பாப்பாவ எங்க ஊரு கவர்மென்ட் ஸ்கூல்ல ஒன்பதாவது சேத்தோம். அவ ஆறு, ஏழு, எட்டு படிச்சது அங்க கவர்மென்ட் ஸ்கூல், ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இங்க கவர்மென்ட் ஸ்கூல். புத்தகம் கூட மாறல, அப்பல்லாம் காரைக்கால்லயும் தமிழ்நாடு போர்டு பாடம்தான் நடத்துனாங்க. டீச்சர் பேசற தமிழும் ஒண்ணுதான்.

பாப்பா டாக்டராவணும்னு சொன்னது அவ அப்பா ஆஸ்பத்திரில கெடந்த நாள்லேர்ந்து. 2022 ஜூலைல நீட் எழுதுனா, ஓரளவுக்கு நல்ல மார்க்கு. எங்களுக்கெல்லாம் இருந்த நம்பிக்கை 7.5 சதவீதம். 2020ல வந்த சட்டம் அது, ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல உள் ஒதுக்கீடு, ஃபீஸும் அரசாங்கமே கட்டிடும். எவ்வளவு குடிசை வீட்டுப் புள்ளைங்க அதுனால இன்னிக்கி டாக்டருக்குப் படிக்குதுங்க, அந்த சட்டத்த நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஏழு வருஷமும் கவர்மென்ட் ஸ்கூல்தானே, பாப்பாவுக்குக் கெடச்சுடும்னு நெனச்சு அம்மா சாமிக்கு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வச்சாங்க.

ஆனா சட்டத்துல கவர்மென்ட் ஸ்கூல்னா தமிழ்நாட்டு கவர்மென்ட் ஸ்கூல். அவ படிச்ச மொத மூணு வருஷம் கணக்குல வராது.

சரி, 7.5 போனா போவுது, பொதுவா ஸ்டேட் கோட்டாவுல பாப்போம்னு அப்ளிகேஷன எடுத்தா அடுத்த முடிச்சு அங்க. மாநில கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் எம்பிபிஎஸ் சீட்டுல 15 சதவீதத்த ஆல் இந்தியா கோட்டாவுக்குக் குடுத்துட்டு மீதி 85ஐ அந்தந்த மாநிலமே தன் புள்ளைங்களுக்கு நெரப்பிக்கும். தன் புள்ளை யாருங்கறதுதான் கேள்வி. தமிழ்நாட்டுல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இங்கயே படிச்சிருந்தா நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்டே கேக்க மாட்டாங்க. நடுவுல ஒரு வகுப்பு வெளியில படிச்சிருந்தாலும் இந்த மண்ணுதான் பூர்வீகம்னு நிரூபிக்கணும். இ-சேவைல பதிவு பண்ணி, விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ்னு ஒவ்வொரு படியா ஏறணும். பாப்பா பொறந்தது காரைக்கால் ஆஸ்பத்திரில, அப்பா ஊரு காரைக்கால், அவ கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்டும் அங்க வாங்குனது. இங்க கவுன்சிலிங்க்கு இந்த மாநில அதிகாரி குடுத்த கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்தான் வேணும். சாதி அப்பா வழியா பாக்கறது, அப்பா வேற ஊரு ஆளு, எப்படி குடுக்கறதுன்னு கேட்டாங்க. கேட்டவர் கெட்ட மனுஷன் இல்ல, டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுதான் சொன்னாரு. அம்மா எங்க பொறந்தாங்கன்னு அவர் கேட்டப்பதான் எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது, பரண்ல இருந்த தகரப்பெட்டிய எறக்கி அக்காவோட பத்தாங்கிளாஸ் டிசி, எங்க அப்பா பேர்ல இருக்கற பட்டா, பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாத்தையும் கொண்டுபோயி அம்மா வழில நேட்டிவிட்டி வாங்கினோம். சம்பா நடவுக்கு நாத்து பறிச்சு கட்டு கட்டா கெடக்கு, ஆளு காத்துக்கிட்டு நிக்கிது, நான் அங்க வரிசைல நின்னேன். கம்யூனிட்டி மட்டும் தேதிக்குள்ள வரல, அதனால ஓசிலதான், அதாவது சாதி ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவுலதான் போட முடிஞ்சுது. தமிழ்நாட்டுல 69 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, எங்களுக்கு உரிய எம்பிசி 20 சதவீதத்துல நிக்கவேண்டிய புள்ள அந்த 31க்குள்ள எல்லாரோடயும் போட்டி போட்டா. அந்த மார்க்குக்கு அங்க எட்டல.

அப்ப புதுச்சேரி பக்கம் போட்டிருக்கலாமேன்னு நெறைய பேரு கேட்டாங்க. அங்க சென்டாக்னு அவங்க அட்மிஷன் கமிட்டி மூலமா நடக்கும், காரைக்கால் பகுதிக்குன்னு தனியா ஒதுக்கீடே இருக்கு, அதுக்குத் தொடர்ச்சியா அஞ்சு வருஷம் குடியிருந்த அத்தாட்சி வேணும். நாங்க 2018லயே எல்லாத்தையும் மாத்திட்டோமே. காரைக்கால்ல 2016லேர்ந்து ஜிப்மர் மெடிக்கல் காலேஜ் கிளையே இருக்கு, பாப்பா சின்னப்புள்ளையா சைக்கிள் ஓட்டுன ஊரு அது, அதுலயும் புதுச்சேரி புள்ளைங்களுக்கான எடம் அவளுக்கு இல்லன்னு ஆயிடுச்சு. ரெண்டு எடத்துலயும் போட்டுப் பாருங்க, எது வருதோ வரட்டும்னு ஒரு புரோக்கர் சொன்னான். தயவுசெஞ்சு யாரும் அதப் பண்ணாதீங்க, ரெண்டு மாநிலத்துல பூர்வீகம் சொல்றது சீட்டு கெடச்சப்புறமும் பறிபோற விஷயம், கேஸும் ஆவும்.

சிங்கப்பூர்ல இருக்கற சித்தப்பா போன் பண்ணி என்ஆர்ஐ கோட்டாவுல நான் ஸ்பான்சர் பண்றேன்டான்னாரு. பாசத்துல சொன்னது, அவருக்கு அங்க டிரைவர் வேலை. அந்த ஃபீஸ கட்டணும்னா எங்க நெலம் முழுசையும் வித்தாலும் பத்தாது, அக்கா வேணவே வேணாம்னுட்டா. அப்புறம் 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு பஞ்சாப் கேஸ்ல தூரத்து சொந்தத்தையெல்லாம் என்ஆர்ஐ கணக்குல சேக்கறத ஒத்துக்கலன்னு படிச்சேன், அது சரின்னுதான் எனக்குப் பட்டுது. சித்தப்பா மாமா வெளிநாட்டுல இருக்கறதுனால ஒரு புள்ளைக்கு சீட்டுங்கறது நாயமில்ல.

அதே நேரத்துல ஹூஸ்டன்ல இருக்கற என் பெரியம்மா பொண்ணு பேசுனா, அவ பையன் காலேஜ் முடிச்சு எம்கேட்னு அங்க நீட் மாதிரி இருக்கற பரீட்சை எழுதிட்டு மெடிக்கலுக்குப் போடற நேரம். அங்கயும் இதே கதைதான்ணான்னா. டெக்சாஸ் கவர்மென்ட் மெடிக்கல் ஸ்கூல்கள்ல வெளிமாநிலத்துப் பசங்க 10 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்களாம், மிசிசிப்பில யூனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்கூல் அந்த மாநிலத்துக்காரங்கள மட்டும்தான் எடுக்குமாம். வேற மாநிலத்துல போட்டா, உனக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம், சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கட்டுரை எழுதச் சொல்லிக் கேக்கற காலேஜும் உண்டாம். அவ வீட்டுக்காரருக்கு வேற மாநிலத்துல நல்ல சம்பளத்துல வேலை வந்துருக்கு, பையன் சேரட்டும்னு போவாம இருக்காங்க. அவங்க முன்னாடியே தெரிஞ்சு நின்னாங்க, நாங்க தெரியாம கெளம்பி வந்தோம்.

மாநிலத்துக்கு ஒதுக்கறதே தப்புன்னு நான் சொல்லவரல. திருவாரூருக்கு 2010லதான் மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, நாகப்பட்டினத்துக்கு 2022ல, அதுவரைக்கும் எங்க பக்கம் பெருசா ஒண்ணுன்னா தஞ்சாவூர்தான், 1959லேர்ந்து. இந்த ஊரு வரிப்பணத்துல கட்டுன காலேஜுல இந்த ஊருப் புள்ள படிச்சாத்தான் நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல உக்காந்து நம்ம அம்மா பேசற பேச்சு புரிஞ்சு மருந்து குடுக்கும். 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல படிக்கற பிஜி சீட்டுக்குக் குடியிருப்ப வச்சு ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, எம்பிபிஎஸ்ஸுக்கு அது இருக்கலாம்ங்கறத 1984 பிரதீப் ஜெயின் கேஸ்லேர்ந்தே கோர்ட்டு ஏத்துக்கிட்டுதான் வருது. அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா புருஷன் செத்து பொறந்த வீட்டுக்கு வர்ற பொம்பளையோட புள்ளைக்கு இந்த ரூல்ல எங்க எடம்? எடத்த மாத்துனது அவ ஆசைப்பட்டா? எல்லையோரத்துல இந்த மாதிரி வீடு எத்தனையோ இருக்கு, ரெண்டு அரசாங்கமும் உக்காந்து பேசி, ரெண்டு பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல் வருஷத்தையும் கூட்டிக்க ஒரு வரி சேக்கலாம். அடுத்த வருஷமே, 2023ல, புதுச்சேரிலயும் கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 10 சதவீதம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் அந்த மனசு இருக்கு, நடுவுல உள்ளவங்களத்தான் பாக்கல.

உங்க வீட்டுல அஞ்சாவது படிக்கற புள்ள இருந்தா இப்பவே பாத்துக்குங்க. ஆறாவதுலேர்ந்து எந்த ஸ்கூல்ங்கறத விசாரிங்க. உதவி பெறும் ஸ்கூல் 7.5ல வராது, எங்க டெல்டாவுல பழைய நல்ல ஸ்கூல் பாதி அந்த வகைதான், நெறைய பேரு கடைசில தெரிஞ்சு அழுவறாங்க. அம்மாவோட டிசிய தூக்கிப் போடாதீங்க. கம்யூனிட்டிய ஒன்பதாவது பத்தாவதுலயே வாங்கிடுங்க.

பாப்பா இப்ப நர்சிங் படிக்கிறா. லீவுக்கு வந்தா திண்ணைல உக்காந்துக்கிட்டு தெருப் புள்ளைங்களோட டிசி, சர்ட்டிபிகேட்டெல்லாம் ஒவ்வொண்ணா வாங்கிப் பாக்கறா. போன வாரம் எதுத்த வீட்டு அஞ்சாங்கிளாஸ் பொண்ண சித்தி ஊர்ல விட்டுப் படிக்க வைக்கப் போறோம்னு அவங்க அம்மா சொல்ல, எந்த ஊருன்னு கேட்டா. வாஞ்சூர்னாங்க. நாகூர்லேர்ந்து நடந்தே போற தூரம், ஆனா காரைக்கால். நாகூர்லயே ஒரு வாடகை வீடு பாருங்கக்கான்னு சொல்லிட்டு அவங்களோட பஸ் ஏறிப் போனா.