எக்ஸ்பாட் இல்லாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை

அப்பாச்சி வெப் சர்வரை ஏற்றுவது, உபுண்டுவில் ரெடிமேட் பேக்கேஜ் இறக்கித் தரும் ஆப்ட் கட்டளையில் ஒரே வரியில் முடிகிற வேலை. வேலையிடத்து சீனியர் அண்ணன் ஒருவர், "பேக்கேஜ் போட்டு ஓட்டுறது யாருக்கும் வரும், சோர்ஸ்லேருந்து ஏத்திக் காட்டு தம்பி" என்று உசுப்பிவிட, தண்டையார்பேட்டை வீட்டு மாடியறையில் பழைய உபுண்டு லேப்டாப்போடு அப்பாச்சி 2.4-ஐ கம்பைல் பண்ண, அதாவது சோர்ஸ் கோடை ஓடுகிற புரோகிராமாக மாற்ற, உட்கார்ந்தேன்.

தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து மேக்ஃபைல் எழுதும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை அடித்ததும், அப்பாச்சிக்கு அடிப்படையான ஏபிஆர் லைப்ரரி இல்லை என்றது. சரி என்று ஏபிஆர், அதன் துணை லைப்ரரி ஏபிஆர்-யூட்டில் இரண்டையும் இறக்கி அப்பாச்சி சோர்ஸுக்குள் இருக்கும் எஸ்ஆர்சிலிப் ஃபோல்டரில் போட்டு, கான்ஃபிகருக்கு 'வித்-இன்க்லூடட்-ஏபிஆர்' ஆப்ஷன் கொடுத்தேன். அப்பவும் காணோமாம், கண்ணெதிரே கிடக்கிறது! ஃபோல்டர் பெயரில் வெர்ஷன் எண் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று உறைக்க அரை மணி நேரம் ஆனது. எண்ணை வெட்டிவிட்டு வெறும் பெயராக வையுங்கள். அடுத்து பிசிஆர்இ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரியைக் கேட்டது, போட்டேன், கான்ஃபிகர் முடிந்தது.

கம்பைல் வேலையைச் செய்யும் மேக் கட்டளையை ஓடவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தால், எக்ஸ்எம்எல் படிக்கும் எக்ஸ்பாட் லைப்ரரியின் 'எக்ஸ்பாட்.ஹெச்' ஃபைல் இல்லையென்று சிவப்பில் நிற்கிறது. கான்ஃபிகரிலேயே நிறுத்தியிருக்கலாம் இல்லையா? மிண்ட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என்று ஏற்றிக்கொண்டு பாதியில் இறக்கிவிடும் ஷேர் ஆட்டோ மாதிரி. நான் வைத்திருந்த பழைய குறிப்பில் எக்ஸ்பாட் பற்றிப் பேச்சே கிடையாது, ஏனென்றால் ஏபிஆர்-யூட்டில் 1.6-க்கு முன்னால் அது கூடவே வந்துகொண்டிருந்தது.

எக்ஸ்பாட்டின் பேக்கேஜான லிப்எக்ஸ்பாட்1-டெவ் போட்டு மறுபடி மேக். இப்போது கம்பைல் தாண்டி, துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில், எக்ஸ்பாட்டின் 'எக்ஸ்எம்எல்_கெட்எரர்கோட்' ஃபங்ஷன் தெரியாது என்று முரண்டு. இது முழுக்க என் தப்பு. புது லைப்ரரி போட்ட பிறகு கான்ஃபிகரைத் திரும்ப ஓட்டவே இல்லை. எக்ஸ்பாட் இல்லாதபோது எழுதிய மேக்ஃபைலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் கரண்ட் போய், பத்து நிமிஷம்கூடத் தாங்காத பேட்டரியும் செத்தது. கரண்ட் வந்ததும் ஒட்டுப்போடுகிற வேலையே வேண்டாமென்று ஃபோல்டரை மொத்தமாக அழித்து, சோர்ஸ் இருக்கும் டார் ஃபைலைப் புதிதாகப் பிரித்து, முதலிலிருந்து ஓட்டினேன். ஒரு எரர் இல்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு பிரவுசரில் அப்பாச்சியின் 'இட் வொர்க்ஸ்!' பக்கம் வந்தது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "எஸ்எஸ்எல் மாட்யூல் இருக்கா தம்பி?" என்று கேட்டார். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய மாட்யூல் அது. மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், இல்லை. அதற்கான லிப்எஸ்எஸ்எல்-டெவ் பேக்கேஜ் இல்லாவிட்டால் கான்ஃபிகர் சண்டை போடாது, அந்த மாட்யூலைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மறுபடி கான்ஃபிகர்.