எந்தப் போரை எடுத்துப் படிக்கலாம்?

வரலாற்றில் சிறப்புத் தாளோ ஆய்வுக்கட்டுரையோ எடுக்கப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். போர்கள் பற்றிப் படிக்க ஆசை இருக்கிறது, எந்தப் போர் என்றுதான் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர் என்பார்கள். டாங்கியின் எடையும் விமானத்தின் வேகமும் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ஆசை எங்கிருந்து தொடங்கினாலும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விவரங்களை வைத்து ஒரு பக்கத்துக்கு மேல் விடை எழுத வராது. உலகின் மிகக் குறுகிய போர் 1896-இல் சான்சிபாரில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது என்பது போன்ற தகவல்களும் அப்படித்தான். வினாடி வினாவில் கைதட்டு வாங்கித் தரும், அதற்கு மேல் இல்லை.

படித்த காலத்திலும், அப்புறம் மற்றவர்களுக்கு வழிகாட்டும்போதும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் போருக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? முடியும் என்றால் அந்தப் போர் எத்தனை வருடமானாலும் அலுக்காது. ஒரே ஒரு சாட்சிதான், அவர் சொன்னதை அப்படியே ஒப்பிக்க வேண்டியதுதான் என்றால் எவ்வளவு பெரிய போரும் ஒரு மாதத்தில் கசந்துவிடும்.

இந்த அளவுகோலில் என் முதல் தேர்வு முதல் உலகப் போர். அதிலும் நான்கு வருடச் சண்டையை விட்டுவிட்டு, அது தொடங்கிய ஐந்து வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்படுகிறார். ஆகஸ்ட் 4-க்குள் ஐரோப்பாவின் பெரிய வல்லரசுகளில் இத்தாலி தவிர மற்ற எல்லாமே போரில் இறங்கிவிட்டன. இடையில் நடந்தது பெரும்பாலும் கடிதமும் தந்தியும்தான். யார் எத்தனை மணிக்கு யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்பதுவரை கிடைக்கிறது.

ஒரு நாளை மட்டும் பாருங்கள், ஜூலை 28. கொலைக்குச் செர்பியாவைப் பொறுப்பாக்கி, ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடு வைத்து அனுப்பிய நிபந்தனைகளுக்குச் செர்பியா அளித்த பதிலை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அன்று காலையில்தான் படிக்கிறார். படித்துவிட்டு, போருக்கான காரணமே இனி இல்லை என்று ஓரத்தில் எழுதுகிறார். அதே நாளில் ஆஸ்திரியா செர்பியா மீது போரை அறிவித்துவிடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன், என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்கிறேன் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் இதே பேரரசர்தான். இப்போது எந்த வில்ஹெல்மை நம்புவது, ஜூலை 5-இல் பேசியவரையா, 28-இல் எழுதியவரையா?

மறுநாள் இன்னும் சுவையானது. செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யாவின் பேரரசர், ஜார் நிக்கோலஸும் வில்ஹெல்மும் உறவினர்கள். ஒருவரையொருவர் நிக்கி, வில்லி என்று செல்லப்பெயரில் அழைத்து, ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொள்கிறார்கள். வில்லியின் தந்தியைப் பார்த்து, முழுப் படைதிரட்டலுக்குக் கொடுத்த உத்தரவை ஜார் அன்றிரவே திரும்பப் பெறுகிறார். அடுத்த நாள் மாலைக்குள் தளபதிகளும் அமைச்சர்களும் வற்புறுத்த, அதே உத்தரவை மறுபடியும் கொடுக்கிறார். ஆகஸ்ட் 1-இல் வில்ஹெல்ம் தன் தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம், மேற்கே பிரான்ஸை நோக்கிப் போகும் படையை நிறுத்தி, கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்ப முடியுமா என்று கேட்கிறார். முடியாது, பத்து லட்சம் பேருக்குப் போட்ட ரயில் அட்டவணையை ஒரே இரவில் மாற்ற இயலாது என்கிறார் மோல்ட்கே. ரயில்வே பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டாப் என்ற அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, அட்டவணையை மாற்றியிருக்க முடியும் என்று காட்ட ஒரு புத்தகமே எழுதினார்! துறை மானம் என்று ஒன்று இருக்கிறதே.

இவ்வளவு சாட்சிகள் இருக்கும் இடத்தில் பொய்ச் சாட்சியும் இருக்கும். போர் தொடங்கியதும் ஒவ்வொரு அரசும் தன் பக்கம் நியாயம் இருப்பதாகக் காட்ட ஆவணத் தொகுப்பு வெளியிட்டது. ஜெர்மனியின் வெள்ளைப் புத்தகம், பிரிட்டனின் நீலப் புத்தகம், ரஷ்யாவின் ஆரஞ்சுப் புத்தகம், பிரான்ஸின் மஞ்சள் புத்தகம் என்று நிறத்தால் பெயர் பெற்றவை அவை. இதில் பிரெஞ்சுத் தொகுப்பில் ஒரு தந்தியை மாற்றியே அச்சிட்டிருந்தார்கள். ஆஸ்திரியா முழுப் படைதிரட்டியதற்குப் பதிலாகத்தான் ரஷ்யா திரட்டியது என்று படிப்பவர் நினைக்கும்படி அது இருந்தது. உண்மையில் ரஷ்ய உத்தரவு ஜூலை 30, ஆஸ்திரிய உத்தரவு ஜூலை 31. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனால் பழி யார் தலையில் விழுகிறது என்பதே அதில் மாறிவிடுகிறது.

அதனால்தான் இந்த ஐந்து வாரங்களுக்குக் குறிப்பு எடுக்கும்போது கதையாக எழுதாதீர்கள். நாள், யார் யாருக்கு, என்ன சொன்னார்கள், அந்த நேரத்தில் அவர்களுக்கு எது தெரியாது என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பத்திதான் உயிர். அது நிரம்ப நிரம்ப, இவர்கள் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள் என்பது தானாகத் துலங்கும். போருக்கு ஜெர்மனியே காரணமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நிறைய பேர் சரயேவோவில் துப்பாக்கிச் சத்தத்தோடு விடையைத் தொடங்கி, இரண்டு பக்கம் கதை சொல்லிவிட்டுக் கடைசியில் "எனவே எல்லோரும் காரணம்" என்று முடிப்பார்கள். அதற்குப் பதிலாக ஜூலை 5-இல் கொடுத்த வாக்கில் தொடங்குங்கள். ஜெர்மனி மீதான பழி 1919-இல் வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-வது பிரிவில் எழுதப்பட்டது, பின்னர் ஓரளவு நீர்த்துப்போனது, 1961-இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பிரிட்ஸ் பிஷர் தன் நாட்டு ஆவணங்களை வைத்தே அதை மறுபடி எழுப்பினார் என்று விவாதத்தின் போக்கை ஒரு பத்தியில் காட்டுங்கள். அப்புறம் உங்கள் தீர்ப்பு. திருத்துகிறவர் தேடுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆவணக் கடலில் இறங்க நேரமில்லாதவர்களுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சொல்வேன். 1861 முதல் 1865 வரை நடந்தது. போர் எதற்காக என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-இல் சவானா நகரில் பேசினார். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமம் இல்லை, அடிமைநிலையே அவர்களுக்கு இயல்பானது என்பதுதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். பிரிவினைக்கு உடனடிக் காரணம் அடிமைமுறைதான் என்றும் அதே உரையில் சொன்னார். தோற்ற பிறகு அதே மனிதர் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதுகிறார். அதில் எல்லாமே மாநில உரிமை, அரசியல் சட்ட விளக்கம். அடிமைமுறை என்பது சண்டை மூண்ட சந்தர்ப்பம், அவ்வளவுதானாம். பழைய உரையைக் காட்டிக் கேட்டதற்கு, பத்திரிகையில் சரியாக வரவில்லை என்றார். அரசியல்வாதிகளின் இந்தப் பதிலுக்கும் வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது.

மாநில உரிமை வாதத்தைச் சோதிக்க 1860 டிசம்பரில் தென் கரோலினா தான் பிரிந்துபோவதற்குக் காரணம் சொல்லி வெளியிட்ட பிரகடனத்தை எடுத்துப் படியுங்கள். சில பக்கங்கள்தான். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதைத் தடுக்கத் தங்கள் மாநிலச் சட்டங்களையே பயன்படுத்துகின்றன என்பதுதான் அதில் முக்கியப் புகார். அதாவது, மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்துகின்றன என்பதே குற்றச்சாட்டு. இதை வகுப்பில் ஒருவர் படித்துக் காட்டினால் மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கலாம். ஒரு சாட்சி எப்போது பேசினார் என்பது, என்ன பேசினார் என்பதற்கு நிகராக முக்கியம் என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான போர் எனக்குத் தெரியவில்லை.

எண்களில் ஆர்வம் உள்ளவர்கள் 1812-க்குப் போகலாம். நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைச் சார்லஸ் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் ஒரே தாளில் வரைந்தார். படையின் அளவுதான் பட்டையின் அகலம். ரஷ்ய எல்லையிலிருந்த நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000. மாஸ்கோவை எட்டும்போது 1,00,000. திரும்பி வந்து சேரும்போது 10,000. கீழே குளிரின் அளவு. இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் திரும்பும் வழியைக் காட்டும், வலமிருந்து இடம் போகும் கறுப்புப் பட்டையையும் குளிர்க்கோட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, ரஷ்யப் பனி நெப்போலியனைத் தின்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். போகும் வழியைப் பாருங்கள். ஜூன் கடைசியில் கிளம்பி செப்டம்பர் 14-இல் மாஸ்கோவுக்குள் நுழைகிறது படை. முழுக்கக் கோடைதான். அதற்குள்ளேயே பட்டை நாலில் ஒரு பங்காகிவிட்டது. இதில் 82,000 பேர் வழியில் பிரிந்து வடக்குப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள். அதையும் கழித்துப் பார்த்தால்கூட, பனி விழுவதற்கு முன்பே போனவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். வெயில், தீவனமில்லாமல் செத்த குதிரைகள், பின்தங்கிப்போன உணவு வண்டிகள், நோய், தப்பி ஓடியவர்கள், செப்டம்பர் 7-இல் போரோடினோவில் நடந்த பெரும் சண்டை எல்லாம் அதில் அடக்கம். திரும்பும் வழியில் பெரெசினா ஆற்றைக் கடக்கும் இடத்தில் 50,000 என்பது 28,000 ஆகிறது. அந்த இடத்தில் பட்டை சட்டென்று ஒடுங்குவதைப் பென்சிலால் தொட்டுப் பாருங்கள். இந்தப் படத்தை நீங்களே ஒருமுறை கையால் வரைந்துவிட்டால், தோல்விக்கான காரணங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பழங்காலப் போர்களில் சிக்கல் வேறு மாதிரி. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பியூனிக் போர் கி.மு. 218 முதல் 201 வரை. கார்த்தேஜின் தரப்பில் எழுதியது எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபலை நாம் அவன் எதிரிகளின் பேச்சில்தான் பார்க்கிறோம். ஒரே ஒரு இடுக்கு உண்டு. இத்தாலியின் தென்கோடியில் ஒரு கோயிலில் ஹன்னிபல் தன் படைக்கணக்கை வெண்கலப் பலகையில் பொறித்து வைத்திருந்தான், கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதைப் பார்த்து எழுதினார். ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குள் வந்தபோது காலாட்படை 20,000, குதிரைப்படை 6,000 என்ற எண்கள் அதிலிருந்து வந்தவை. கன்னே சண்டையில் ஹன்னிபலிடம் அத்தனை பேரை இழந்தும் ரோம் ஏன் சரணடையவில்லை என்பது நல்ல கேள்வி, கட்டுரைக்குத் தாங்கும்.

ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோபொனேசியப் போரில் சாட்சியே போரில் இருந்தவர். தூசிடிடிஸ் ஏதென்ஸின் தளபதிகளில் ஒருவர். ஆம்பிபோலிஸ் நகரைக் காப்பாற்றத் தவறியதற்காக இருபது வருடம் நாடுகடத்தப்பட்டவர். ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோய் அவரையும் தாக்கியது. உரைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதவில்லை, அந்தந்த இடத்தில் பேசப்பட்டிருக்க வேண்டியதை எழுதினேன் என்று தானே சொல்லிவிடுகிறார். நேர்மையான சாட்சி, ஆனாலும் குறுக்கு விசாரணை தேவை. முதல் வாசிப்புக்கு இதை எடுக்காதீர்கள். வேறு ஒரு போரைப் படித்துவிட்டு வந்தால்தான் இதன் அருமை தெரியும்.

ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரைப் பற்றியும் கேட்பார்கள். அற்புதமான போர்தான், ஆனால் பெயர்களும் ஒப்பந்தங்களும் குவிந்து கிடக்கும். கத்தோலிக்கப் பிரான்ஸ், ஒரு கர்தினாலின் ஆட்சியில், புரொட்டஸ்டண்ட் பக்கம் ஏன் 1635-இல் இறங்கியது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நுழைந்தால் வழி தெரியும். இல்லாவிட்டால் நேரம் குறைவாக உள்ளவர்கள் தள்ளியே இருக்கலாம்.

சரி, இரண்டாம் உலகப் போர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுப் போரையும் எடுக்காதீர்கள். அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கும் நடந்த போராட்டத்தை மட்டும் எடுங்கள். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. அந்த மாதக் கடைசியில் தளபதி டோனிட்ஸ் மீதமிருந்தவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். ஏன் அப்படிச் சட்டென்று திரும்பியது? நீண்டதூர விமானங்கள், ரேடார், துணைக்கப்பல்கள் என்று காரணங்கள் அடுக்கலாம். இவற்றோடு, ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அந்த விஷயம் பரவலாக வெளியே தெரிந்ததே 1974-இல்தான். சர்ச்சில் அதை உள்ளும் புறமும் அறிந்தவர். ஆனால் 1948-இலிருந்து வந்த அவருடைய ஆறு தொகுதிப் போர் வரலாற்றில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே நூலகத்தில் இந்தத் தலைப்பில் ஒரு புத்தகத்தை எடுத்ததும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். 1974-க்கு முந்தையது என்றால் ஒதுக்கிவிட வேண்டாம். அதையும் பிந்தைய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1943 மே மாதத்துக்கு இருவரும் சொல்லும் காரணங்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டாலே ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு அத்தியாயம் கையில் வந்துவிடும்.